ஏழே முக்கால் பேருந்து

எல்லாரும் சௌக்கியம்தானே? மூட்டுவலிக்காரர்கள் பேருந்து நிறுத்தத்தில் ரொம்ப நேரம் நிற்காதீர்கள், சொல்லிவிட்டேன். எங்கள் நிறுத்தத்தில் உட்கார இருந்த ஒரு பெஞ்சையும் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள்.

என் வீட்டுக்காரருக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரத்துக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். ஒன்பது மணிக்குள் போகாவிட்டால் படுக்கையை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள். ஏழே முக்கால் பேருந்தை விட்டால் எங்களுக்குக் கதியில்லை. சக்கர நாற்காலியைப் பார்த்தால் எந்த ஆட்டோவும் ஏற்றாது.

அந்தப் பேருந்தோ நாற்காலியைக் கண்டாலே வேகமெடுக்கும். ஏற்றி இறக்க ஐந்து நிமிடம் ஆகும். டிப்போவுக்குத் தாமதமாகப் போனால் டிரைவருக்கு மெமோ. நிற்காமல் போனால் ஒன்றுமில்லை. ஒரே மாதத்தில் நான்கு முறை படுக்கை கைநழுவியது. மனுஷர் முகம் வீங்கி, மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தார்.

டிப்போ அதிகாரியிடம் போய் அழுதேன். அவர் நோட்டைப் புரட்டினார்.

"தினமும் உங்க ஸ்டாப்புல நின்னதா எழுதியிருக்கேம்மா."

"அப்ப நாங்க அந்த நோட்டுலயே ஏறிக்கிறோம் சார்."

பக்கத்து மேசைக்காரர் சிரித்தார். அதோடு சரி.

பிறகு நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். பேருந்து கண்ணில் பட்டதும் நாற்காலியைச் சாலையில் ஓரடி தள்ளி வைப்பேன். நின்றது. கொஞ்ச நாளில் ஒதுங்கிப் போகப் பழகிக்கொண்டார்கள். இரண்டடி தள்ளினேன். அப்புறம் மூன்று. என் வீட்டுக்காரருக்கு அதில் ஒரு குஷிகூட.

"ராஜா மாதிரி நடுரோட்டுல உக்கார வைக்கிறே. கெட்டியா பிடிச்சிருக்கேல்ல?"

"பிடிச்சிருக்கேன், பேசாம இருங்க."

ஒரு திங்கட்கிழமை டிரைவர் இறங்கி வந்து கையெடுத்துக் கும்பிட்டார்.

"அம்மா, வண்டில பிரேக் சரியா பிடிக்கல. மூணு தடவை எழுதிக் கொடுத்துட்டேன், ஒருத்தரும் பாக்கல. தயவுசெஞ்சு இனிமே ரோட்டுல வைக்காதீங்க. தூரத்துலயே கையக் காட்டுங்க, நான் கண்டிப்பா நிறுத்துறேன்."

தங்கமான பிள்ளை. சொன்னால் செய்வார் என்று பார்த்தாலே தெரிந்தது.

புதன்கிழமை காலையில் என் வீட்டுக்காரர் மூன்று முறை வாந்தி எடுத்தார். மூன்று முறையும் துடைத்து, உடை மாற்றி, தள்ளிக்கொண்டு வந்தேன். அரைமணி நேரம் நின்றோம். வளைவில் பேருந்து திரும்பியது. அதே வண்டி, அதே டிரைவர். நான் கை காட்டவில்லை. நாற்காலியை நடுச்சாலைக்குத் தள்ளினேன்.

"பிடிச்சிருக்கேல்ல?" என்று கேட்டார்.

"பிடிச்சிருக்கேன்" என்றேன், நடைபாதையில் நின்றுகொண்டு.

நாற்காலி தானாக உருண்டுவிட்டது என்று விசாரணையில் சொன்னேன். யாரும் மறுகேள்வி கேட்கவில்லை. டிரைவர் ஜெயிலில் இருக்கிறார், பாவம். டிப்போவில் எல்லா வண்டிக்கும் பிரேக் மாற்றினார்கள். இப்போது எங்கள் நிறுத்தத்தில் ஆளில்லாவிட்டாலும் பேருந்து நிற்கிறது. என்னால் நாலு பேருக்கு நல்லதுதான் நடந்திருக்கிறது. என் வீட்டுக்காரரால்தான் இனி காத்திருக்க முடியாமல் போய்விட்டது. எனக்கென்ன, இன்னும் பத்து வருஷமானாலும் அவரோடு அங்கே நின்றிருப்பேன்.

உங்கள் பக்கம் எப்படி? நிற்காத பேருந்தை நீங்கள் எப்படி நிறுத்தினீர்கள் என்று ஒளிக்காமல் எழுதுங்கள்.