சாலமோனின் மாத்திரை

கடைக்கு மருந்து வாங்க வருகிறவர்கள் முதலில் என் உடம்பைத்தான் விசாரிப்பார்கள். "மெலிஞ்சிட்டியளே அண்ணாச்சி" என்பார்கள். பாளையங்கோட்டையில் இத்தனை வருடம் மருந்துக்கடை வைத்து நான் சம்பாதித்தது அந்தப் பிரியம்தான். ஐயா அதையும் எழுதிக்கொள்ளலாம்.

சாலமோனும் அப்படி விசாரிக்கிறவர். மாலையானால் முகநூல் குழுவில் அவரும் நானும் மோதுவோம். பிரபஞ்சம் தானாக உண்டானதா, ஒருவர் படைத்தாரா என்பதுதான் வழக்கு. தானாக என்பது என் கட்சி. அங்கே நான் வேறு பெயரில் இருந்ததால், தன்னை மடக்குகிறவன் கடைக்கார செந்தூர்பாண்டி என்று அவருக்குத் தெரியாது. நான் எவ்வளவு காட்டமாக எழுதினாலும் மரியாதையாகவே பதில் போடுவார்.

ஒருநாள் அவர் தன் சாட்சியை எழுதினார். சிறுவயது முதல் இருந்த வலிப்பு ஜெபத்தால் நின்றுவிட்டதாம். நட்சத்திரங்களை நிறுத்தி வைத்திருக்கிறவருக்கு என் நரம்பு ஒரு பாரமா என்று கேட்டிருந்தார். ஊரே அதைப் பகிர்ந்தது. நான் போடும் ஆய்வுக் கட்டுரைகளை நாலு பேர் படித்தால் அதிகம். ஆனால் சாலமோனின் வலிப்பு மாத்திரையை அவர் மனைவி ரீபா மாதாமாதம் என்னிடம்தான் வாங்கிப்போனாள்.

அதைக் குழுவில் போட்டு உடைத்திருக்கலாம். வாடிக்கையாளரின் நோயை வெளியே சொல்வது தொழிலுக்கு அழகல்ல. அதில் நான் கண்டிப்பானவன். ஆகவே சோதித்துப் பார்ப்பதே நியாயம் என்று பட்டது. அந்த மாதம் காகித உறையில் அதே நிறத்துச் சத்து மாத்திரையைப் போட்டுக் கொடுத்தேன்.

நடுவில் ஒருமுறை கடைப்பக்கம் வந்தவரிடம் சுகம் விசாரித்தேன். "ஆண்டவர் கிருபையில சுகமா இருக்கேன் அண்ணாச்சி. உங்களுக்கும் சேத்துத்தான் ஜெபிக்கேன்" என்றார்.

பிறகு ஒரு காலையில் வண்ணார்பேட்டைப் பக்கம் ஆற்றில் குளிக்கப் போனார். முழங்கால் அளவுத் தண்ணீரில் குப்புறக் கிடந்தார்.

அடக்கம் முடிந்து ரீபா கடைக்கு வந்தாள். "ஒரு வேளைகூட தப்பவிடலியே அண்ணாச்சி. நான்தானே கையில எடுத்துக் கொடுத்தேன்" என்றாள். உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். மிச்ச மாத்திரையை அவள் டாக்டரிடம் காட்டியதால்தான் நான் இந்தப் போலீஸ் ஸ்டேஷனில் இருக்கிறேன். அவள்மேல் வருத்தமில்லை.

"தெரிஞ்சேதான் செஞ்சீராவே?" என்று கேட்டீர்கள். தெரிந்துதான் செய்தேன்.

சாலமோன் இறந்ததும், ஜெபம் தோற்றது என்று எங்கள் தரப்பில் சிலர் எழுதினார்கள். நான்தான் கண்டித்தேன். ஒரு சாவை வைத்து முடிவு சொல்வது விஞ்ஞானம் ஆகாது. ஒப்பிட்டுப் பார்க்க, ஜெபமே செய்யாத ஒருவரும் வேண்டும்.

பிச்சைக்கண்ணு என்று ஒருவர் இருக்கிறார். எந்தச் சாமியையும் கும்பிடாதவர். அவருக்கும் அதே நோய், அதே மாத்திரை. வேலை போய்விடும் என்று வெளியே சொல்லாமல் வைத்திருக்கிறார், நானும் சொன்னதில்லை. போன வாரம் அவருக்கும் சத்து மாத்திரைதான் கொடுத்தேன். முடிவு எதுவானாலும் மனதார ஏற்றுக்கொள்வேன், ஐயா.

பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வருகிற நேரம்தான் இது.