கிளினிக் நாளில் நடுங்காத கை

இரத்தினபுரியிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்பும் பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு பெண்கள். இளையவளின் மடியில் மருந்து விவரம் எழுதும் கிளினிக் கொப்பி.

“கிளினிக் அன்னைக்கு மட்டும் எங்க அப்பாவுக்குக் கை நடுங்காதுக்கா.”

“அது எப்புடி?”

“காலையில ஒரு மாத்திரை குடுக்கச் சொன்ன இடத்துல ரெண்டு குடுத்துருவேன். பஸ்ஸுல எல்லாரும் பாப்பாங்கன்னு அப்பாவுக்கு வெக்கம். எனக்குந்தான்.”

“டொக்டர் என்னா சொன்னாரு?”

“நடக்கச் சொன்னாரு. அப்பா நல்லா நடந்தாரு. மருந்தைக் கூட்டத் தேவையில்லன்னு எழுதிட்டாரு.”

“வீட்டுல எப்புடி?”

“சோத்தை வாய்க்குக் கொண்டுபோக முடியல. நாந்தான் ஊட்டுறேன்.”

“உள்ளதைச் சொல்லியிருக்கணும், புள்ள.”

“சொல்லத்தான் வாயெடுத்தேன். அதுக்குள்ள டொக்டர், அங்க உக்காந்திருந்த எல்லாருக்கும் கேக்குற மாதிரி, ‘இந்த மகளைப் பாருங்க, அப்பாவ எவ்வளவு நல்லா பாத்துக்குறாங்க’ன்னு சிங்களத்துல சொன்னாரு.”



நடைவழிக்கு அந்தப் பக்கம், ஜன்னலோரம் இளையவளின் அப்பா இருந்தார். வெளியே பார்த்தபடியே, ஆடத் தொடங்கியிருந்த வலது கையை எடுத்துத் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.