டிரைவர் ஐயா படிச்ச சமையல்

எடுத்துப் பாருங்கம்மா, தப்பில்ல. வண்டியில இருக்குறதெல்லாம் எடுத்துப் படிக்கத்தான். இந்த ஆஸ்பத்திரில சும்மா கெடைக்குறது ரெண்டே விஷயம், என் புத்தகமும் ஜன்னல் காத்தும்.

நானா? நான் இங்க லைப்ரரில இருக்கேன். கீழ, எக்ஸ்ரே எடுக்குற ரூமுக்குப் பக்கத்துல ஒரு சின்ன அறை. மத்தியானத்துக்கு மேல இந்த வண்டியத் தள்ளிக்கிட்டு வார்டு வார்டாப் போவேன். உங்கப்பா என்னை லைப்ரரியம்மான்னுதான் கூப்பிடுவாரு. நீங்க ஞாயித்துக்கெழமைதான வருவீங்க, எனக்கு அன்னிக்கு லீவு. அதான் நாம பாத்துக்கிட்டதே இல்ல. ஆனா உங்களப் பத்தி எனக்கு நல்லாத் தெரியும். எம் பொண்ணு கணக்கு டீச்சரு, அவகிட்ட யாரும் வாலாட்ட முடியாதுன்னு வார்டு முழுக்கச் சொல்லி வச்சிருக்காரு.

சூப்பரின்டெண்ட் இன்னும் கூப்பிடலயா? உள்ள ஆள் இருக்காங்களா. சரி, அப்ப நானும் இப்படி உக்காந்துக்குறேன். உங்களப் பாக்கத்தான் வந்தேன். அந்த நர்ஸுப் பொண்ணு மேல புகார் எழுதிக் குடுக்கப் போறீங்களாமே. தெரியும்மா. உங்க கோவம் நியாயம். பெத்த அப்பா கண்ணு தொறக்காம மூச்சுக்குத் தவிச்சுக்கிட்டுக் கெடக்குறப்ப கோவம் வரலன்னாத்தான் அதிசயம். நான் சிபாரிசுக்கு வரல. அதாவது, சிபாரிசுதான், ஆனா நீங்க நெனக்கிற மாதிரி இல்ல. அஞ்சு நிமிஷம் குடுங்க. ஒரு விஷயத்த நேராச் சொல்ல எனக்கு வராது. எங்க வீட்டுக்காரர் சொல்வாரு, உன்கிட்ட மணி கேட்டா கடிகாரம் வாங்குன கதையச் சொல்லுவேன்னு.

அதுவா? அது மாசம் பொறந்தா நான் எழுதி வண்டியில ஒட்டுற தாளு. இந்த மாசத்துக்கு ஒரு கதைப் புத்தகம், ஒரு சமையல் புத்தகம். எதுக்கு நல்லாருக்கு, எந்தப் பக்கத்துல ஆரம்பிக்கலாம்னு நாலு வரி. சிரிக்காதீங்க, அத எழுத நான் படுற பாடு எனக்குத்தான் தெரியும்.

பாத்தீங்களா, எல்லாரும் கேக்குற அதே கேள்வி. ஆஸ்பத்திரில எதுக்குச் சமையல் புத்தகம்னு. சூப்பரின்டெண்டும் அதத்தான் கேட்டாரு. உப்பில்லாத கஞ்சியக் குடிச்சுக்கிட்டுக் கெடக்குறவங்க கையில வறுவல் படத்தக் குடுத்தா ஏங்கிப் போயிடுவாங்களேன்னாரு. நான் மல்லுக்கு நின்னேன். ஐயா, ஏங்குறவங்களுக்குத்தான் இது வேணும், வேளாவேளைக்கு நல்லாச் சாப்பிடுறவன் சமையல் புத்தகத்த எங்க தொடுறான்னு கேட்டேன். யாருக்காவது கெடுதல் வந்தா நீதான் பொறுப்புன்னாரு. சரின்னு தலையாட்டிட்டு வந்தேன். பெரிய இவ மாதிரி.

ஆனா நான் சொன்னது தப்பில்லம்மா. சக்கரை வியாதிக்காரர் ஒருத்தர், கேக்குப் புத்தகத்த வச்சுக்கிட்டுப் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலுக்கெல்லாம் படிச்சுக் காட்டுவாரு. முட்டைய அடிக்கிற எடம் வந்தா வார்டே கப்சிப்புனு ஆயிடும். கதைப் புத்தகம் அலமாரில தூங்கும், சமையல் புத்தகத்துக்கு மட்டும் அடிபிடி.

உங்கப்பா வந்த புதுசுல நான் ஒரு நாவலத்தான் அவரு தலையில கட்டுனேன். கலங்கரை விளக்கத்துல வேலை பாக்குறவனோட கதை. கடலு, மழை, தனிமைன்னு எனக்கு உசுரு அந்தப் புத்தகம். நாலு நாள்ல திருப்பிக் குடுத்துட்டாரு. பக்கவாதத்துல வாய் கோணி, பேச்சு கொழறுது, ஆனா நக்கலுக்குக் கொறைச்சலே இல்ல. ஏம்மா, பாதிப் புத்தகம் வந்துட்டேன், இன்னும் ஒருத்தன்கூட ஒரு வாய் சாப்பிடலயே, இவனுங்க எப்பிடி உசுரோட இருக்கானுங்கன்னு கேட்டாரு. லாரி ஓட்டுன மனுசன், ஓட்டலப் பாத்து நிறுத்தியே பழக்கம்.

அடுத்த மாசம் ரொட்டி சுடுற புத்தகம் ஒண்ணு குடுத்தேன். ஒரு கைதான வேலை செய்யுது, அதனால பக்கம் மூடாம இருக்கத் துணி காயப்போடுற கிளிப்பு ரெண்டு கொண்டாந்து மாட்டி விட்டேன். அம்மாடி, அவரு படிக்கிறத நீங்க பாத்திருக்கணும். துப்பறியும் கதை படிக்கிற மாதிரி. மாவு பொங்கிடுச்சான்னு அடுத்த பக்கத்தத் திருட்டுத்தனமாப் பாப்பாரு. எழுதுன ஆளத் திட்டுவாரு. அடேய், அடுப்ப இப்பவே ஏத்தாதடா, கருகிடும்டான்னு. ஆமா, வீட்ல ஒரு டீ கூடப் போட்டதில்லயாமே. அவரே சொன்னாரு. உங்கம்மா இருந்த வரைக்கும் அடுப்பு எந்தப் பக்கம் இருக்குன்னே தெரியாதாம்.

அப்பறம் முட்டைக்கே தனியா ஒரு புத்தகம். அத ரெண்டு தடவ படிச்சாரு. அப்பறம் கப்பல்ல சமையல்காரனா இருந்தவரு எழுதுனது, பாதி பயணம், பாதி சமையல். அதுதான் அவருக்கு ரொம்பப் புடிச்சுது. அலையில சட்டி ஆடுறப்ப எண்ணெயக் கொறைச்சு ஊத்தணும்னு அதுல ஒரு வரி வரும். இவன் நம்மாளுன்னாரு. லைப்ரரில இருந்து இத்தன வருஷத்துல, நான் குடுத்த புத்தகத்த அப்பிடிப் படிச்ச ஒரு ஆள நான் பாத்ததில்லம்மா. சத்தியமா இல்ல.

அழாதீங்க. இந்தாங்க, தண்ணி குடிங்க.

தலைமாட்டுல அந்தப் பலகை இருக்குமே, வாய் வழியா எதுவும் குடுக்கக் கூடாதுன்னு செவப்புல எழுதி. முழுங்குற தசை வேலை செய்யல, எதக் குடுத்தாலும் நுரையீரலுக்குப் போயிடும், மூக்குக் குழாயில மட்டும்தான்னு. நீங்க வாரம் ஒரு தடவ பாத்தீங்க, நான் தெனம் பாத்தேன். அதுக்கு நேர் கீழதான் கிளிப்ப மாட்டுவேன். அவருக்கு அதப் பத்திக் கவலயே இருந்ததில்லம்மா. ஒரு சமையல முழுசாப் படிச்சு முடிச்சதும் கண்ண மூடிக் கொஞ்ச நேரம் இருப்பாரு. அப்பறம் துண்டால வாயத் தொடச்சுக்கிட்டு, சாப்பிட்டாச்சும்பாரு. வெளையாட்டுக்கு இல்ல. நெசமாவே வயிறு நெறஞ்ச மூஞ்சி.

நர்ஸுப் பொண்ணா? வரேன், அவகிட்டதான் வந்துக்கிட்டே இருக்கேன். அவ கட்டில நிமித்தாம, படுக்க வச்சபடியே குழாயில பால ஊத்திட்டா, அதுதான் நெஞ்சுக்குள்ள போயிடுச்சுன்னு உங்ககிட்டச் சொன்னாங்க இல்லயா? யாரு சொன்னா? ஓ, அவளே ஒத்துக்கிட்டாளா. அவ ஒத்துக்குவாம்மா. அன்னிக்கு அவளுக்கு ரெண்டு வார்டு. கட்டில நிமித்துனமா இல்லயான்னு மனசுக்குள்ள ஓட்டி ஓட்டிப் பாத்து, கடைசில நிமித்தலன்னே முடிவு கட்டிட்டா. நேத்து லைப்ரரிக்கு வந்து என் தோள்ல சாஞ்சுக்கிட்டு ஒரே அழுகை. அக்கா, நானே அவரக் கொன்னுடுவேன் போலருக்கே, இனிமே எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு ஊசி போடுவேன்னு. நான் முதுகத் தடவிக் குடுத்தேன். எல்லாம் சரியாப் போயிடும்னேன். டீ வாங்கிக் குடுத்தேன்.

அவ கட்டில நிமித்துனா. எனக்கு எப்பிடித் தெரியும்னா, நான் அங்க இருந்தேன். வண்டிய அடுத்த கட்டிலுக்குத் தள்ளிக்கிட்டுப் போயிருந்தேன், திரும்பிப் பாத்தேன். கைப்பிடியச் சுத்தி, தலையணையச் சரி பண்ணி, அப்பறம்தான் ஊத்துனா. அதுக்கு முன்னாடியே உங்கப்பா இருமிட்டாரு.

இருங்க, எந்திரிக்காதீங்க. சொல்லிடுறேன். எந்திரிச்சுட்டீங்கன்னா எனக்கு வாய் வராது.

இந்த மாசம் சூப்புப் புத்தகம். வண்டியில தாளப் பாத்தீங்களே, பூசணிக்காய் சூப்புல ஆரம்பிங்கன்னு நான்தான் எழுதிருக்கேன். அவரும் அதுலதான் ஆரம்பிச்சாரு. வெங்காயத்த வெண்ணெயில நெறம் மாறாம வதக்கி, பூசணிய வேக வச்சு மசிச்சு, பால் ஊத்தி, வடிகட்டி. நல்லாப் படிச்சாரு. வழக்கம் போலக் கண்ண மூடி, வாயத் தொடச்சாரு. நான் வீட்டுக்குப் போயி அன்னிக்கு ராத்திரியே அதச் செஞ்சேன். சிபாரிசு பண்ணுனத ஒரு தடவையாவது செஞ்சு பாக்காம விட மாட்டேன், அது ஒரு கொள்கை. நல்லா வந்துச்சும்மா. எனக்கே ஆச்சரியம், அப்பிடி வழவழன்னு.

எங்க வீட்டுக்காரர் போனப் பாத்துக்கிட்டே குடிச்சாரு. எம் பையன் சூடா இருக்குன்னு தள்ளி வச்சுட்டு வெளிய போயிட்டான். மறுநாள் மீந்தத ஒரு ஃபிளாஸ்க்குல ஊத்திக்கிட்டு வந்தேன். ஏன் கொண்டாந்தேன்னு கேட்டா, மத்தியானம் நான் குடிக்கன்னு எங்கிட்டயே சொல்லிக்கிட்டேன்.

உங்கப்பாவுக்கு ஒரு ஸ்பூன் குடுத்தேன். கெட்டியா இருக்கு, கட்டியே இல்ல, வடிகட்டுனது, ஒண்ணும் ஆகாதுன்னு. டாக்டருக்குப் படிச்ச மாதிரி நெனச்சுக்கிட்டேன். அது எறங்கிடுச்சு. அந்தத் தெகிரியத்துல இன்னொண்ணு. அதுலதான் இருமுனாரு. மூஞ்சி செவந்து, கண்ணுல தண்ணி. நான் துண்ட எடுத்துத் தொடச்சேன். கொஞ்ச நேரத்துல அடங்கிடுச்சு. ஃபிளாஸ்க்க வண்டிக்குக் கீழ்த் தட்டுல புத்தகத்துக்குப் பின்னாடி வச்சுட்டு நகந்துட்டேன். யாரையும் கூப்பிடல. அவ பாலோட வந்தப்பகூடச் சொல்லல. அன்னிக்கு ராத்திரி காய்ச்சல் ஏறுனப்ப, மறுநாள் அவரத் தூக்கிட்டு ஐ.சி.யூ.வுக்குப் போனப்ப, அவள வேலைக்கு வர வேணாம்னு சொன்னப்ப, எப்பவும் சொல்லல. இன்னிக்கு டாக்டரத் தேடிக்கிட்டு ரெண்டு தடவ மாடி ஏறுனேன், ரெண்டு தடவையும் கதவு வரைக்கும் போயி எறங்கிட்டேன்.

என்ன கேட்டீங்க?

அப்பிடிக் கேப்பீங்கன்னு தெரியும். நல்ல மனசு உங்களுக்கு. உங்கப்பா எங்கிட்ட ஒரு வாய் கேட்டிருப்பாரு, பாவம், எத்தன நாள் ஆச்சு, மனசு கேக்காமக் குடுத்திருப்பேன்னு நெனக்கிறீங்க. அப்பிடியே சொல்லிடலாம்னுதான் இந்தப் பெஞ்சு வரைக்கும் வந்தேன். அப்பிடிச் சொன்னா நீங்களே எங்கையப் புடிச்சுக்கிட்டு அழுவீங்க. இப்பவே புடிச்சுட்டீங்க. விடுங்கம்மா, கைய விடுங்க.

அவரு கேக்கல. ஒரு நாளும் கேட்டதில்ல. நான் ஃபிளாஸ்க்கத் தொறந்தப்ப, எனக்கெதுக்கும்மா, நான்தான் நேத்தே சாப்பிட்டேனேன்னு சிரிச்சாரு. பலகைய வேற கைய நீட்டிக் காட்டுனாரு. நான்தான் விடல. எனக்காக ஒரே ஒரு வாயின்னேன். எனக்காகன்னே சொன்னேன். நான் குடுத்த புத்தகத்தையெல்லாம் மறுபேச்சு இல்லாம வாங்கிக்கிட்டவரு, இதுக்கும் என் மனசு நோகக் கூடாதுன்னு வாயத் தொறந்துட்டாரு. அவ்வளவுதாம்மா நடந்தது. பசிச்சது அவருக்கு இல்ல.

கதவு தொறக்குது பாருங்க. உங்க பேரத்தான் கூப்பிடுறாங்க. நீங்க உக்காருங்க, நான் முன்னாடி போறேன். அந்தப் பொண்ணப் பத்தி ஒரு வரி எழுதாதீங்க, எழுதுறதெல்லாம் என்னைப் பத்தி எழுதுங்க. மொதல்ல டாக்டரக் கூப்பிடச் சொல்றேன், உள்ள போனது பால் இல்லன்னு அவங்களுக்குத் தெரியணும் இல்லயா.

இன்னொண்ணு இருக்கு. அத அவங்ககிட்ட எல்லாம் சொல்ல முடியாது, உங்ககிட்டச் சொல்லிட்டுப் போறேன். அந்த மொத ஸ்பூன் எறங்குனதும் உங்கப்பா நல்லாருக்குன்னு சொன்னாரு. கண்ணத் தொறந்து, என்னைப் பாத்து. உங்கப்பா அங்க அப்பிடிக் கெடக்குறாரு, அந்தப் பொண்ணு பைத்தியம் புடிச்ச மாதிரி அலையுறா, நான் இன்னிக்குக் காலையில பாத்திரம் கழுவிக்கிட்டு இருந்தேன். திடீர்னு அந்த நல்லாருக்கு ஞாபகம் வந்துச்சு. வந்ததும் சிரிச்சுட்டேம்மா.