மடிப்புல விட்ட துணி

கையத் தூக்குங்க தம்பி. ரெண்டு கையும். மூச்ச இழுத்துப் பிடிக்காதீங்க. டேப்பப் பாத்தா போதும், எல்லாரும் வயித்த உள்ள இழுத்துக்குறீங்க. அப்புறம் இறுக்குது அக்கான்னு திரும்பி வந்து நிக்குறீங்க. இது சட்டைக்கு மேல போடுற கோட்டு, லூசாத்தான் இருக்கணும். காலையில பிள்ளைங்க ரோட்டத் தாண்டறப்ப நடுவுல நின்னு வண்டிய நிறுத்தப் போறீங்க, கை நல்லா மேல வரணும்ல.

ஞாயித்துக்கிழமையா? அதான் சொன்னேனே தம்பி, அன்னைக்கு எனக்கு வேற வேல இருக்கு. வெளியூர் போகணும். ரோட்டுல புதுசா போட்ட கோட்டுக்கும் பலகைக்கும் விழான்னா, ரிப்பன் வெட்ட நான் எதுக்கு, தெருவுல ஆளா இல்ல? வந்த உடனே தெருச் சங்கத்துக்குத் தலைவராக்கிட்டாங்கல்ல, நீங்களே வெட்டுங்க. புதுசா குடி வந்திருக்கீங்க, நாலு பேருகிட்ட நல்ல பேர் வாங்கிக்கோங்க.

பிள்ளைங்க ரோட்டத் தாண்டற வெள்ளைக் கோடா? கோடு இப்ப நல்லாத்தான் இருக்கு. மொதல்ல போட்ட லட்சணத்த நீங்க பாக்கல. பள்ளிக்கூட வாசல்ல ஆரம்பிச்சு, நேரா கொண்டு போய் எதிர்ப்பக்கம் கரண்டுப் பெட்டியில முடிச்சு வச்சிருந்தானுங்க. டீச்சர் சொல்லிக் குடுத்த மாதிரியே பிள்ளைங்க கோட்டு மேலயே நடந்து போய், பெட்டிக்கு முன்னாடி நின்னு திருதிருன்னு முழிக்குதுங்க. சிரிச்சுட்டேன். சிரிச்ச பிறகுதான், அட, நம்மளா சிரிச்சோம்னு இருந்துச்சு. அப்புறம் வந்து சுரண்டி எடுத்துட்டுத் தள்ளிப் போட்டாங்க. இன்னும் உத்துப் பாத்தா பழைய கோடு தெரியும்.

கொஞ்சம் திரும்புங்க. முதுகு.

ஸ்பீடு பிரேக்கருக்கும் இதே பாடுதான். மனு மேல மனு குடுத்தோம். போக்குவரத்து குறைவுன்னு பதில் வந்துச்சு. இந்த ரோட்டுலயா குறைவு? வந்து என் கடையில ஒரு மணி நேரம் உக்காந்து பாருங்கடான்னு கத்தத் தோணுச்சு. கத்துனா மட்டும்? அந்தப் பிள்ள இதே வாசல்ல அடிபட்டுப் போன பிறகு எல்லாம் தானா வருது பாருங்க. கோடு, பலகை, விளக்கு. வாசல்ல வேன் நிறுத்தக் கூடாதுன்னு கம்பி வேற நட்டுட்டாங்க. இந்த வாரம் ஸ்பீடு பிரேக்கரும் வந்தாச்சு. வண்டி ஏறி இறங்குறப்பல்லாம் மிஷின் மேல நூல்கண்டு ஆடுது. தொந்தரவா? எனக்கு என்ன தொந்தரவு. ஆடட்டும்.

அந்தப் பிள்ள அன்னைக்குப் போட்டிருந்த யூனிஃபார்ம் நான் தைச்சதுதான். இந்தத் தெருப் பிள்ளைங்க எல்லாத்துக்கும் நான்தான் தைக்கிறேன். பாவாடைக்குக் கீழ மடிப்புல நாலு விரல் துணி உள்ள விட்டுத் தைப்பேன். வளர்ற பிள்ளைங்க இல்லையா, அடுத்த வருஷம் தையலப் பிரிச்சு இறக்கி விட்டா புதுசு எடுக்க வேண்டாம். அவளுக்கு இன்னும் கொஞ்சம் கூடவே விட்டேன். நல்ல உசரமா வருவான்னு நெனச்சேன்.

ஐயோ, நீங்க ஏன் கண்ணத் தொடைக்குறீங்க. எனக்கே அழுகை வரல தம்பி. வந்தா நல்லாத்தான் இருக்கும். வர மாட்டேங்குது. மரத்துப் போன காலக் கிள்ளிப் பாக்குற மாதிரிதான் இருக்கு.

என்னது? யாரு பேரு? என் பொண்ணு பேர பலகையில போடுறதா?

ஓ. அப்படி நெனச்சுட்டீங்களா. அதான் என்னையே ரிப்பன் வெட்டச் சொல்றீங்களா. தையக்காரம்மா வீட்டு விஷயம்னு யாராவது சொல்லியிருப்பாங்க. மீதியச் சொல்ல வாய் வந்திருக்காது. அவங்களையும் தப்பு சொல்ல முடியாது.

எனக்குப் பொண்ணு கிடையாது தம்பி. ஒரே பையன். அந்தப் பிள்ளையோட அம்மா, அதோ, மருந்துக் கடைக்கு மேல மாடியில இருக்காங்க. கூப்பிடணும்னா அவங்களத்தான் கூப்பிடணும். வருவாங்களான்னு தெரியாது. என் பேரு மட்டும் அங்க எடுக்காதீங்க.

போன வாரம் கடைக்கு வந்தாங்க. சின்னவளுக்கு யூனிஃபார்ம் தைக்கணும்னு. ஊருல வேற தையக்காரங்களே இல்லையா? இங்கதான் வந்தாங்க. என் மொகத்தப் பாக்கல. நானும் பிள்ளைய மட்டும் பாத்து அளவு எடுத்தேன். எடுத்து முடிக்கிறப்ப, மடிப்புல துணி விட வேண்டாம்னாங்க. பழக்க தோஷம், வளர்ற பிள்ளையாச்சேன்னு வாய்ல வந்துடுச்சு. இந்த வருஷத்துக்குச் சரியா இருந்தாப் போதும்னாங்க.

சரிம்மான்னேன். அவங்க சொன்ன மாதிரியே வெட்டித் தைச்சுக் குடுத்துட்டேன்.

என் பையனா? அதான் தம்பி, ஞாயித்துக்கிழம வெளியூர்னு சொன்னேன்ல. ஜெயில்ல பாக்க விடுறது அன்னைக்கு மட்டுந்தான். அந்தப் பிள்ள அடிபட்ட அன்னைக்கு ரொட்டிக் கம்பெனி வேன் ஓட்டிக்கிட்டு வந்தது அவன்தான். கையில போன் இருந்துச்சு. ஒவ்வொரு தடவையும் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு, சாப்பிட்டியாம்மான்னு கூட கேக்க மாட்டான், ஸ்பீடு பிரேக்கர் போட்டாங்களாம்மான்னுதான் கேப்பான். இந்தத் தடவை போட்டாச்சுடான்னு சொல்லணும்.

எவ்வளவு நேரம் தூக்கிக்கிட்டே நிப்பீங்க தம்பி. கைய இறக்குங்க. அளவு எடுத்தாச்சு.