ஏரியில் ஆறவைத்த மால்ட் சாறு

பீருக்கு மால்ட் சாறு காய்ச்சுவது பெரிய வித்தையில்லை ஐயா, அதைச் சீக்கிரம் ஆறவைப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சுணங்கினால் புளித்துக் கெட்டுப்போகும். ஊரில் பலர் அதற்கென்று செம்புக் குழாய்ச் சுருள் வாங்கிவிட்டார்கள். எனக்கு ஏரி போதும். உறைந்த ஏரியில் ஒரு துளை வெட்டி, பால் கேனில் சாறை ஊற்றிக் கயிறு கட்டி இறக்கினால் அரை மணியில் இளஞ்சூட்டுக்கு வந்துவிடும். பைசா செலவில்லை.

என் தம்பி தோர்கெய்ர் இதற்காகவே என்னைக் கிண்டல் செய்வான். "கஞ்சத்தனத்துக்கு ஒரு அளவு வேணாமாண்ணே? விரலெல்லாம் விறைச்சுப்போச்சு." பதினெட்டு வருடமாக அந்த வீட்டில் நாங்கள் இருவர்தான். போன வாரம் பெர்கன் நகரத்திலிருந்து திரும்பி வந்தவன், காபி குடித்துக்கொண்டே சொன்னான்: "கிறிஸ்துமஸ் முடிஞ்சதும் அங்கேயே போயிடறேண்ணே. இங்கெபோர்னு ஒரு பொண்ணு, அவகூட இருக்கப் போறேன். நீயும் யாரையாச்சும் பாரு." நான் கோபப்படவில்லை. சரி என்றேன். கோப்பைகளைக் கழுவிவைத்தேன்.

துளை வெட்டினால், யாரும் தெரியாமல் கால் வைத்துவிடாதபடி சுற்றி நாலு ஊசியிலை மரக் கிளை நட வேண்டும். எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். அவன் பெர்கனில் இருந்தபோது நான் வெட்டிய பழைய துளை மெல்லிசாக உறைந்து, மேலே பனி மூடியிருந்தது. அதைச் சுற்றியிருந்த கிளைகளைப் பிடுங்கி அடுப்பில் வைத்தேன். நன்றாக எரிந்தன. புதுத் துளையை அதற்கு அப்பால் வெட்டினேன். கேனை இறக்கிவிட்டு அவனைக் கூப்பிட்டேன். நேராக நடந்து வந்தான்.

விழுந்ததும் கத்தினான். நல்ல குரல் அவனுக்கு. ஈஸ்ட் போடும்போது தொண்டை கிழியக் கத்துவது எங்கள் வழக்கம். சத்தம் எவ்வளவோ அவ்வளவு பொங்கும் என்பார்கள். அன்று மதியம் ஈஸ்ட் போடப்போவதாக ஊருக்கெல்லாம் சொல்லிவைத்திருந்தேன். எதிர்க்கரையில் பனி தள்ளிக்கொண்டிருந்த குன்வோர் அக்கா கைதட்டினாள். "அப்படித்தான்டா, இன்னும் கத்துங்க. இந்த வருஷம் பீர் பிச்சுக்கும்." பாவம், அவளைக் குறை சொல்லாதீர்கள்.

"அண்ணே, கை குடுண்ணே" என்றான். என் இரண்டு கையிலும் கேன் கயிறு. விட்டிருக்கலாம். விடவில்லை. அவன் சத்தம் அடங்கிய பிறகு கேனைத் தூக்கினேன். சூடு சரியாக இருந்தது. ஈஸ்டைப் போட்டேன், வழக்கப்படி நானும் கத்தினேன். அப்போதுதான் அழுகை வந்தது.

கொலை என்றே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். உடலைப் பெர்கனுக்குக் கொண்டுபோக வேண்டுமென்று அந்தப் பெண் கேட்பாள். கொடுத்துவிடாதீர்கள். எங்கள் ஊர் மயானத்திலேயே புதையுங்கள். தனியாக இருந்து அவனுக்குப் பழக்கமில்லை ஐயா.