கோஸ்மாஸுடன் இணைய விருப்பமா?

இந்தத் திருவிழா மேடையின் தலைமைப் பீடத்தைத் தாடியாலும் தகுதியாலும் நிறைத்து வீற்றிருக்கும் அருட்தந்தை லாம்ப்ரோஸ் அவர்களே! ஊராட்சியைத் தன் ஒற்றைக் குரலால் நடத்தும் தலைவி கிரியாகூலா அம்மையாரே! காலையிலிருந்து கீரைப் பணியாரம் சுட்டுக் கைசிவந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! என் கடையில் ஒரு கோப்பைக் காப்பியை ஒன்பது மணிக்கு வாங்கி ஒரு மணி வரை குடிக்கும் வல்லமை படைத்த பெரியோர்களே! கோடை விடுமுறைக்கு வந்திருக்கும் ஜெர்மன் தேசத்து மாப்பிள்ளைமார்களே! காப்பிக்கடை ஸ்டெர்கியோஸின் தாழ்மையான வணக்கம்.

"நம் ஊரும் நவீன அறிவியலும்" என்ற தலைப்பில் ஐந்து நிமிடம் பேசு என்றார்கள். எனக்குத் தெரிந்த அறிவியல் எது? காப்பி பொங்குவதற்கு முன்னால் இறக்குவது. அதற்கு மேல் எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். என் கடையில் வாடிக்கையாளர்களுக்கு நான் வைத்த இலவச வைஃபை!

கைதட்டாதீர்கள். முழுவதும் கேட்டுவிட்டுத் தட்டலாமா என்று யோசியுங்கள்.

பிளாதனி எப்படிப்பட்ட ஊர்? மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்த ஊர். செல்போன் கோபுரம் இருப்பது மலைக்கு அந்தப் பக்கம். அது நம்மைப் பார்க்காது, நாமும் அதைப் பார்க்க மாட்டோம். என் கடை மாடியில் நான்கு அறைகள். வருகிற விருந்தாளி மலையைப் பார்த்து மயங்குவார், தேனைத் தின்று திளைப்பார், மறுநாள் காலையில் "வைஃபை இல்லையா?" என்று கேட்டுப் பெட்டியைக் கட்டிவிடுவார். மலை தோற்றது! தேன் தோற்றது! நான் தோற்றேன்!

இணைப்பு கேட்டு மனுப் போட்டேன். உங்கள் தெருவுக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு இணைப்பு, அதையும் பக்கத்து வீட்டுக் கோஸ்மாஸ் வாங்கிவிட்டார் என்றார்கள். போய் அவர் காலில் விழாத குறையாகக் கேட்டேன்.

"எடுத்துக்கோடா. வைஃபை பெட்டி என் வீட்டுச் சுவத்துலயே இருக்கட்டும், உன் கடை வரைக்கும் எட்டும்," என்றார். "ஆனா ஒண்ணு. இது என்னோடதுன்னு ஆர்கிரிஸுக்கு மட்டும் தெரியக் கூடாது. தெரிஞ்சா வரமாட்டான்."

ஆர்கிரிஸ் யார்? கோஸ்மாஸின் தங்கை கல்லியோப்பியைக் கட்டியவர். அவர்கள் இருவரும் ஏன் பேசுவதில்லை? மாப்பிள்ளைமார்களே, உங்களுக்காகச் சொல்கிறேன். அடுத்தவன் மேசைக்கு நம் செலவில் ஒரு கோப்பை அனுப்பினால் அது எங்கள் ஊரில் 'கெராஸ்மா'. யார் அனுப்பியது என்று கேட்க வேண்டும். அனுப்பியவனைப் பார்த்துக் கோப்பையைத் தூக்க வேண்டும். இன்று இல்லாவிட்டால் நாளை, திருப்பி அனுப்ப வேண்டும். பகையாளி அனுப்பியதை ஒரு வாய் குடித்தாலும் பகை அன்றோடு சரி. அதனால்தான் எங்களவர்கள் குடிப்பதற்கு முன் கேட்கிறார்கள். உங்களவர்கள் குடித்துவிட்டுப் பில்லைக் கேட்கிறார்கள்.

ஒன்பது வருடத்துக்கு முன் கல்லியோப்பி இறந்தாள். நாற்பதாம் நாள் சாப்பாடு என் கடையில். தங்கை காரியத்துக்குத் தான்தான் சோறு போடுவேன் என்று கோஸ்மாஸ் ஊரையே அழைத்திருந்தார். ஆர்கிரிஸ் என்ன செய்தார்? கை கழுவப் போவதுபோல் அடுப்படிக்கு வந்து மொத்தத்துக்கும் பணத்தை என் கையில் திணித்துவிட்டார். நானும் வாங்கிக்கொண்டேன். ஆமாம், அந்த மடையன் நான்தான்!

"என் தங்கச்சிக்கு ஒரு வேளைச் சோறு போட எனக்கு உரிமை இல்லையாடா?" என்று கேட்டுவிட்டு எழுந்துபோனார் கோஸ்மாஸ். ஒன்பது வருடம்! அருட்தந்தை பேசிப் பார்த்தார். தலைவி அதட்டிப் பார்த்தார். இருவரும் ஒரே கடையில், எதிரெதிர் மூலையில், ஒருவர் இருப்பதே மற்றவருக்குத் தெரியாததுபோல் காப்பி குடித்தார்கள்.

இந்த நிலையில்தான் "இங்கே வைஃபை கெராஸ்மா" என்று கடை வாசலில் பலகை மாட்டினேன். கம்பியில்லாமல் வந்தது! காசில்லாமல் வந்தது! கண்ணுக்கே தெரியாமல் வந்தது! ஆனால் கேள்வி இல்லாமல் வந்ததா?

"யாரு அனுப்புனது?" என்று முதல் நாளே கேட்டார் ஆர்கிரிஸ்.

"கடைதான் அண்ணே," என்றேன். அருட்தந்தையே, அந்தப் பொய்யை ஏற்கெனவே உங்களிடம் அறிக்கையிட்டுவிட்டேன்.

அன்றிலிருந்து தினமும் பதினோரு மணிக்கு ஆர்கிரிஸ் வருவார். ஸ்டுட்கார்ட்டில் இருக்கும் மகள் கைப்பேசியில் பேத்தியைக் காட்டுவாள். குழந்தைக்கு முதல் பல் முளைத்ததை என் கடையில்தான் பார்த்தார். எதிர் மூலையில் கோஸ்மாஸ் செய்தித்தாளைத் தூக்கிப் பிடித்திருப்பார். ஒரே பக்கத்தை ஒரு மணி நேரம் படிப்பார். ஏன் என்று நான் கேட்டேனா? கேட்கவில்லை.

போன வைகாசியில் ஒரு சனிக்கிழமை. முந்தின நாள் இடியில் வைஃபை பெட்டி கருகிப்போய், நகரத்திலிருந்து ஒரு பையன் கோஸ்மாஸ் வீட்டில் புதுப் பெட்டி மாட்ட வந்தான். "வைஃபைக்கு என்ன பேர் வைக்கட்டும்?" என்று கேட்டான். நம் ஆள் தன் பேரைக் கேட்கிறான் என்று நினைத்து, "கோஸ்மாஸ்," என்றார். "பாஸ்வேர்ட்? எட்டு எழுத்தாவது வேணும், மறக்காத பேரா சொல்லுங்க." அதையும் சொன்னார். பையன் போய்விட்டான்.

பதினோரு மணி. ஆர்கிரிஸ் வந்தார். கைப்பேசியைத் திறந்தார். அது என்ன கேட்டது தெரியுமா?

"கோஸ்மாஸுடன் இணைய விருப்பமா?"

சிரிக்கிறீர்கள்! அன்று என் கடையில் ஒருவரும் சிரிக்கவில்லை. ஆயர் கேட்காத கேள்வி, அதிகாரி கேட்காத கேள்வி, ஊரே சுற்றி வளைத்துக் கேட்ட கேள்வியை, உள்ளங்கை அகலக் கருவி நேருக்கு நேர் கேட்டுவிட்டது. ஆம் என்று ஒரு பொத்தான், இல்லை என்று ஒரு பொத்தான்!

"டேய் ஸ்டெர்கியோ, இத்தன நாளா நான் யாரு கெராஸ்மாவக் குடிச்சேன்?"

உண்மையைச் சொன்னேன். எழுந்து போய்விட்டார்.

கோஸ்மாஸிடம் ஓடினேன். "அந்தப் பாஸ்வேர்டையாவது எனக்குச் சொல்லுங்க அண்ணே, மாடியில ரெண்டு அறைக்காரங்க பெட்டி கட்டுறாங்க!"

"வேணுங்கிறவன் வந்து கேக்கட்டும்," என்றார் அந்த மகானுபாவர்.

மறுநாள் ஞாயிறு. அந்தக் குழந்தைக்கு முதல் பிறந்தநாள். அதைப் பார்க்க ஆர்கிரிஸுக்கு உலகத்தில் வேறு ஜன்னல் கிடையாது. வருவாரா? மாட்டாரா? பூசை முடிந்து ஊர் முழுவதும் என் கடையில். காப்பி குடிக்கவா வந்தீர்கள்? வேடிக்கை பார்க்க வந்தீர்கள்! இல்லை என்று சொல்லும் தைரியம் யாருக்காவது உண்டா?

பதினோரு மணிக்கு ஆர்கிரிஸ் வந்தார். உட்கார்ந்தார். "ஸ்டெர்கியோ, அந்த மூலைக்கு ஒரு சிப்பூரோ," என்றார்.

அந்தத் திராட்சைச் சாராயத்தை ஊற்றி எடுத்துப்போனேன்.

"யாரு அனுப்புனது?" என்றார் கோஸ்மாஸ், எல்லாம் தெரிந்துகொண்டே.

"ஆர்கிரிஸ்."

கோப்பையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். தூக்கினார். குடித்தார்.

ஆர்கிரிஸ் தலையைத் திருப்பாமலே கேட்டார். "பாஸ்வேர்ட் என்ன மச்சான்?"

"என் தங்கச்சி பேரு."

ஆர்கிரிஸ் ஒற்றை விரலால் அடிக்க ஆரம்பித்தார். நடுவில் நின்றார். "'எல்' ஒண்ணா, ரெண்டா?"

"முப்பது வருசம் குடும்பம் நடத்துனவன் கேக்குற கேள்வியா மாப்ள இது? ரெண்டு!"

அப்போதுதான் கடை சிரித்தது. அந்தச் சிரிப்பில் கோஸ்மாஸ் எப்போது எழுந்தார், எப்போது அந்த மேசைக்குப் போனார் என்று எனக்குத் தெரியாது. பார்க்கும்போது ஆர்கிரிஸின் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தார். திரையில் ஒரு சின்னத் தலை. கேக்கைப் பார்த்துக்கொண்டு, நம்மைப் பார்க்காமல். நம் வழக்கப்படி பாட்டி பேரைத்தான் பேத்திக்கு வைத்திருந்தார்கள்.

"கல்லியோப்பி!" என்று கூப்பிட்டார் கோஸ்மாஸ்.

பெருமக்களே! அந்தப் பேரைக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க ஒன்பது வருடமாக ஆளில்லாத மனிதர் அவர். குழந்தை திரும்பிப் பார்த்தாள்.

அருட்தந்தை கடிகாரத்தைக் காட்டுகிறார். நவீன அறிவியலைப் பற்றி எனக்கு இவ்வளவுதான் தெரியும். பொறுமையாகக் கேட்ட பெரியோருக்கும், நடுவில் கண்ணைத் துடைத்துக்கொண்டு பணியாரப் புகை என்று சொல்லிச் சமாளித்த தாய்மாருக்கும் என் நன்றி. எல்லோரும் பல்லாண்டு வாழ்க! வணக்கம்.