நாலு மடங்கு துந்தனா

மூங்கில் கழி உன் அடுப்பாண்ட வந்து நீட்டிகினு கீதுன்னா, அதுக்கு நானா நைனா பொறுப்பு? பரந்தாமனப் போயி கேளு! ரெண்டாவது பிளாக்கு பரந்தாமன். பஜன கோஷ்டிக்கு அவன்தான் தலைவரு... தலைவரு! ஆறு பேர வெச்சிகினு!

நீ குவார்ட்டர்சுக்குப் புச்சு, உனுக்குத் தெரியாது. போன வருசம், எம்பத்தேழு புரட்டாசில, நடுத்தெருவுல, அத்தினி பொம்பளைங்க முன்னால சொல்றான்: "ஜம்புலிங்கம், உனுக்குத் தாளமே நிக்கல, ஜால்ராவக் கீழ வை. வாசிக்கணும்னா சொந்தமா ஒரு வாத்தியம் எடுத்துகினு வா." இன்னிக்கு வரிக்கும் எனுக்குச் சோறு எறங்கல. உக்காரு, உக்காரு.

அப்பத்தான் அந்தத் தாளு கெடச்சிது. பத்திரிகை நடுவுல மடிச்சு வெப்பாங்களே, விரிச்சா வேட்டி மாதிரி... "நீங்களே செய்யலாம் துந்தனா"ன்னு படம் போட்டு. துந்தனா தெரியாதா? கோவிந்தா சொல்லிகினு அரிசி வாங்க வர்றாங்களே, கையில ஒத்தக் கம்பி, டொய்ங் டொய்ங்குனு... அதான்.

நான் படிச்சது ஆறாவது. ஆனா டிராயிங்கு படிப்பேன்! இருவத்தேழு வருசமா டாங்கி பேக்டரில பிட்டரு. எங்க ஷாப்புல டிராயிங்குன்னா நாலுல ஒரு பங்குதான் வரைஞ்சிருக்கும். டாங்கிய முழுசா வரைஞ்சா பேப்பர எங்க விரிப்பே, ஆவடி டேசன் வரிக்குமா? தாள்ல அளவெடுத்தா என் கை தானா நாலால பெருக்கிடும். பெருக்கினேன். மூணடி கழி பன்னெண்டடி ஆச்சு. அடியில மாட்டற சுரக்குடுக்கை ரெண்டே முக்கா அடி அகலம். அந்த சைசுல எவன் சுரக்கா வெளைய வெக்கிறான்? அயனம்பாக்கம் வரிக்கும் தேடிட்டேன். கடைசில என் பொஞ்சாதி ராஜம்மாவோட கல்யாண அண்டாவ எடுத்துத் தோலக் கட்டினேன். அன்னிக்கு அண்ணன் ஊட்டுக்குப் போனவதான், இன்னும் வர்ல.

சந்தேகம் வர்லியான்றியா? வந்திச்சு. டிராயிங்க எதிர்த்துக் கேள்வி கேக்கறவன் பிட்டரே இல்ல நைனா. கழி ஊட்டுக்குள்ள அடங்கல, பின்னால ஜன்னல் கம்பிக்கு நடுவுல உட்டேன். ரெண்டடி சந்து, அந்தாண்ட உன் ஜன்னலு. நீ ஏன் தொறந்து வெச்சே?

இன்னா சிரிப்பு? பெருக்கக் கூடாதுன்னு தாள்ல எழுதவே இல்ல, தெரியுமா! ...எழுதிருந்தாங்கதான். மேல் ஓரத்துல. "படம் அசல் அளவு"ன்னு. நேத்து எங்க ஷாப்பு பால்ராஜ் ஊட்டுல அதே தாளு இன்னொண்ணு பாத்தேன். என்னுதுல அந்த ஓரமே இல்ல. ஏன்னா... அது பரந்தாமன் ஊட்டுப் பத்திரிகை. ராஜம்மா எரவல் வாங்கியாந்தா. சரியா அந்த ஓரத்துல பேனா இங்குல அவன் பேர எழுதி வெச்சிகிறான். அவன் பேர என் செவுத்துல ஒட்டிகினு தெனம் நான் பாக்கணுமா? கத்திரிக்கோலால நறுக்கிட்டேன். அவன் பேர எழுதாம இருந்தா நான் ஏன் நறுக்கறேன், சொல்லு!

அதான் இன்னிக்கு வெளிய வரமாட்டேன். புரட்டாசி கடைசி சனிக்கெழம, கோஷ்டி என் வாசலாண்டதான் வரும். இத மட்டும் அவன் பாத்தான், நான் சாவற வரிக்கும் சொல்லிக் காட்டுவான். அந்த வாசக் கதவச் சாத்தேன் நைனா... நைனா? எங்க போயிட்டான்?

ஏய்... அண்டா நகருது! நைனா, அந்தாண்டேந்து கழியத் தள்ளாதே! கோவம்னா வாயால சொல்லு! வாசலாண்ட வந்துடுச்சு... ஐயோ, கோஷ்டி வேற வந்துடுச்சு, தள்ளாதேன்றேன்! துந்தனாக் கம்பி வாசக் கதவு நெலையில மாட்டிக்கிச்சு...

டொம்ம்ம்ம்!

யம்மாடி... அத்தினி பேரும் நின்னுட்டாங்க. பரந்தாமன் தொறந்த வாய மூடல. கோவிந்தா வர்ல நைனா, வெறும் காத்துதான் வருது!

நிறுத்திட்டியா? ஏன் நிறுத்தினே? தள்ளு நைனா, நல்லாத் தள்ளு!